பச்சைத்தோலும் பன்னிரண்டாம் மெட்டும்

தமிழில் ‘கருவி’ என்னும் சொல் தச்சரின் உளியையும் உழவரின் மண்வெட்டியையும் பாணரின் யாழையும் குறிப்பதோடு, கண், காது முதலிய பொறிகளையும் மனம், புத்தி முதலிய அகக்கரணங்களையும் சேர்த்தே குறிக்கிறது. சைவ சித்தாந்தம் இந்தப் பின்னைய பொருளைத் தன் தத்துவ விளக்கத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டது. உயிருக்கு வேண்டிய உடம்பும், அறிவதற்கும் செய்வதற்கும் உரிய கருவிகளும், வாழ்வதற்கான உலகமும், நுகர்வதற்கான பொருள்களும் மாயையிலிருந்தே அமைக்கப்பட்டு இறைவனால் உயிருக்குத் தரப்படுகின்றன என்று சித்தாந்திகள் கூறுவர். இவற்றையே தனு, கரணம், புவனம், போகம் என்று அவர்கள் வரிசைப்படுத்துகின்றனர். அவர்கள் கணக்கில் மாயை சடப்பொருளே அன்றித் தீயபொருள் ஆகாது. உயிரை மறைக்கும் இருள் ஆணவம், மாயையோ விடியும்வரை கைக்கு உதவும் விளக்கு. துணியிலுள்ள அழுக்கைப் போக்க வண்ணார் உவர்மண்ணையும் சாணத்தையும் கூட்டுவதுபோல, மலத்தைப் போக்கவே மாயை என்னும் மற்றொரு மலம் கூட்டப்படுகிறது என்பதும் அவர்கள் சொல்லும் உவமையே.

இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கருவி சடமாயின், அதாவது தனக்கென அறிவோ விருப்போ இல்லாத பொருளாயின், ஓர் இசைக்கருவி வழிபாட்டுக்கு உரியது என்றும் மற்றொன்று ஆகாதது என்றும் சமய மரபுகள் பகுத்துவந்ததற்கு அடிப்படை எது? மரத்தின் இனமா, தோலின் பிறப்பா, செய்த கைவினைஞரின் குலமா, கருவி வந்த நாடா, அதற்குக் கொடுத்த விலையா? மாண்டலின் கற்க விரும்பிக் குறைந்த விலையில் ஒன்றைத் தேடிப் புறப்படுகிறவருக்கும் இந்தக் கேள்வி நேரடியாக உரியது. ஏனெனில், மேல்நாட்டிலிருந்து வந்த, அதிலும் மலிவாக வாங்கிய கருவியில் கீர்த்தனைகளை வாசிப்பது தகுமா என்னும் தயக்கம் அத்தகையோரிடம் பெரும்பாலும் இருக்கிறது. அத்தயக்கத்தைப் பழைய நூல்கள் தாங்கிப் பிடிக்கவில்லை. கருவியிடம் எதிர்பார்க்கத்தக்க ஒழுக்கம் ஒன்றே, அது சுருதியில் பொய் சொல்லாமை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இக்கேள்வியை எழுப்பிப் பார்க்க வாணியம்பாடியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. பாலாற்றின் கரையில், 2019இல் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகியவற்றோடு சேர்ந்து தோல் பதனிடும் தொழிலால் உலகச் சந்தையில் அறியப்பட்டது. பழைய வாணியம்பாடியில் உள்ள அதிதீஸ்வரர் கோயிலின் தலபுராணமோ, பேச்சிழந்த வாணி, அதாவது கலைமகள், சிவனருளால் குரலைத் திரும்பப் பெற்றுப் பாடிய இடம் இதுவே என்றும், ஊர்ப்பெயர் அதனால் வந்தது என்றும் சொல்கிறது. ‘பாடி’ என்பது தரங்கம்பாடி போன்ற பெயர்களில் உள்ளதுபோலக் குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதையும், எண்ணெய் ஆட்டும் வாணியரோடு ஊர்ப்பெயரை இணைப்பதற்கு இடமுண்டு என்பதையும் சொல்லாய்வாளர் எடுத்துக்காட்டலாம். ஆயினும் தலபுராணம் சொற்பிறப்பு நூல் அன்று. ஓர் ஊர் தன்னை எதன் பெயரால் நினைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதற்கு அது சான்று. இன்னொரு புறம், 1919இல் தொடங்கப்பட்ட இஸ்லாமியாக் கல்லூரியாலும், உருது கவியரங்க மரபாலும், அரபுக் கல்விக்கூடங்களாலும் இவ்வூர் முஸ்லிம் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் நிறுவப்பட்ட ஜாமியா தாருஸ்ஸலாமும் இதே வட்டாரத்தைச் சேர்ந்தது. தோலைத் தீண்டத்தகாததாகக் கருதிய ஒரு சமூக வழக்கமும், தந்தி இசையை விலக்கத்தக்கதாகக் கருதிய ஒரு சட்ட மரபும், இழந்த குரலை மீட்டுப் பாடிய தெய்வத்தின் கதையும் ஒரே ஊரில் சந்திக்கின்றன.

தோலைப் பற்றிப் பேசுமுன் மாசு, தீட்டு என்னும் இரண்டையும் பிரித்துக்கொள்வது அவசியம். மாசு அளக்கத்தக்கது: தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது, உப்பும் குரோமியமும் நீரில் கலந்தன, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. தீட்டு என்று சொல்லப்படுவதற்கு இத்தகைய அளவை எதுவும் கிடையாது. தோலைத் தொட்டவரின் கையில் அது ஒட்டியிருப்பதாகச் சொன்னார்களே தவிர, அதே தோல் கோயில் முரசில் ஏறியவுடன் எங்கே போயிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. முன்னதைக் குறித்துக் கவலைப்படாமல் பின்னதைக் குறித்து மட்டும் கவலைப்பட்ட காலங்கள் நீண்டன என்பது இந்த வட்டாரத்தின் துயரம்.

தோலும் தந்தியும் பகையில்லாதவை என்பதற்கு மிகப் பழைய சான்று யாழிலேயே இருக்கிறது. வில்லைப்போல் வளைந்த கோடு, ஒலியைப் பெருக்கும் பத்தர், நரம்புகளைக் கட்டி முறுக்கும் திவவு ஆகியவற்றோடு, பத்தரின் வாயை மூடி இழுத்துக் கட்டிய தோலும் யாழின் உறுப்பே. அத்தோலுக்குப் பத்துப்பாட்டில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘பச்சை’. பொருநராற்றுப்படை இந்தப் பச்சையை வருணிக்கும்போது, மெல்லிய மயிர் ஓடிய அதன் தோற்றத்தை இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றோடு ஒப்பிடுகிறது. இறந்த விலங்கின் தோல் அக்கவிஞருக்கு அருவருப்பாகத் தோன்றவில்லை. இன்னும் பிறவாத உயிர் உறையும் இடமாகத் தோன்றிற்று. வாணியம்பாடியில் இன்றும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்காத, பதனிடப்படாத தோலைப் ‘பச்சைத்தோல்’ என்றே சொல்கிறார்கள். முழவுக்கும் மிருதங்கத்துக்கும் ஏறுவதும் பதனிடாத இத்தோலே என்பது அறியத்தக்கது: ஆவாரம்பட்டையிலோ குரோமிய உப்பிலோ பதனிட்ட தோல் நெகிழ்ந்து கொடுக்கும், மடித்துச் செருப்பாகவும் பையாகவும் தைக்க உதவும்; ஆனால் காய்ந்து விறைத்து நின்று அதிரும் குணத்தை இழந்துவிடும். ஆகவே பச்சைத்தோல் முழவுக்குப் போகிறது, பதனிட்ட தோல் மாண்டலினைத் தோளில் தாங்கும் வாராகவும் அதை வைக்கும் உறையாகவும் ஆகிறது.

வடமொழி மரபும் இதையே வேறு வழியில் சொல்கிறது. இருக்கு வேதத்தைச் சார்ந்த ஐதரேய ஆரண்யகத்தில் மனித உடலைத் தெய்வ வீணை என்றும், மரத்தால் செய்த வீணையை அதன் படி என்றும் ஒப்பிடும் பகுதி ஒன்று உண்டு. உடலுக்குத் தலையும் வயிறும் நாவும் இருப்பதுபோல வீணைக்கும் அவற்றுக்கு ஒப்பான உறுப்புகள் உண்டு என்று விளக்கிச்செல்லும் அப்பகுதி, உடல் மயிர் நிறைந்த தோலால் மூடப்பட்டிருப்பதுபோல வீணையையும் முற்காலத்தில் மயிருள்ள தோலால் மூடினர் என்று குறிப்பிடுகிறது. பிற்கால இசைநூல்கள் உடலைச் சாரீர வீணை அல்லது காத்திர வீணை என்றும், மரத்தாலானதைத் தாரவி வீணை என்றும் பெயரிட்டு இவ்வொப்புமையைத் தொடர்ந்தன. இதன் உட்பொருள் எளிதானது என்றாலும் அதன் விளைவு பெரிது: மூலக்கருவி உடம்பு, மற்றெல்லாக் கருவிகளும் அதன் நகல்கள். நகல்களுக்குள் எது உயர்குலம் என்று வாதிடுவதற்கு அங்கே இடமே இல்லை. எந்த நகல் மூலத்துக்கு அருகில் நிற்கிறது, அதாவது குரலைப்போல ஒலிக்கிறது, என்று மட்டுமே கேட்க முடியும். வாணி வீணையை மீட்டெடுத்ததாகச் சொல்லாமல் குரலை மீட்டெடுத்ததாகவே வாணியம்பாடித் தலபுராணம் சொல்வது இவ்வகையில் மிகப் பொருத்தமானது.

ஆனால் நூல்கள் ஒப்புக்கொண்டதைச் சமூகம் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், ஆதனூரில் வாழ்ந்து சிவன்கோயில்களுக்குச் செய்த திருத்தொண்டு இன்னதென்று தெளிவாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது: பேரிகை முதலிய தோற்கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் தந்திகளும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார். விசிவார் என்பது தோலை இழுத்துக் கட்டும் வார். அவர் தந்த தோல் உள்ளே ஒலித்தது, அவர் தந்த நரம்பு கருவறைக்கு அருகே இசைத்தது, அவர் மட்டும் வெளியே நின்றார். சேக்கிழார் நந்தனாரைத் தீயில் மூழ்கி எழச் செய்து உள்ளே சேர்க்கிறார். ஆனால் அந்தத் தீ எரிக்க வேண்டியிருந்தது நந்தனாரின் உடம்பையா, வெளியே நிறுத்தியவர்களின் எண்ணத்தையா என்று கேளாமல் அப்பகுதியைக் கடந்துபோக இன்றைய வாசகரால் இயலாது. அதே நூலில் திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குக் கிடைத்த வரவேற்பு வேறுவிதமானது: திருவாலவாயில் அவர் யாழைத் தரையில் வைத்தால் ஈரத்தில் நரம்பு தளரும் என்று, இறைவன் ஆணைப்படி அவருக்குப் பொற்பலகை இடப்பட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். புராணத்தின் இறைவனுக்கு இருந்த கவலை கருவியின் சுருதியைப் பற்றியது, வாசித்தவரின் குலத்தைப் பற்றியது அன்று.

இஸ்லாமிய மரபில் கேள்வி வேறு வடிவில் எழுகிறது. அங்கே தோற்கருவி இடர்ப்படவில்லை. ஒருபுறம் தோல் போர்த்திய தஃப் என்னும் பறை திருமணத்திலும் பெருநாளிலும் அனுமதிக்கப்பட்டது. இடர்ப்பட்டது தந்தி. பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள் நரம்புக்கருவிகளை விலக்கினர். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் விலக்குவதற்கான ஆதாரங்கள் போதா என்றனர். இவ்விரு தரப்புக்கும் இடையே மிக நுட்பமாகச் சிந்தித்தவர் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் இசை கேட்டல் பற்றித் தனிப் பகுதியே எழுதிய அவர், இனிய ஒலி இனிமையாக இருப்பதாலேயே விலக்கப்படுவதில்லை, அவ்வாறாயின் பறவையின் குரலையும் விலக்க வேண்டிவரும் என்று வாதிட்டு, நரம்புக்கருவிகள் விலக்கப்பட்டதற்குக் காரணம் அவை மதுக்கூட்டங்களின் அடையாளமாக இருந்ததே என்கிறார். அக்கருவிகளுக்கு அவர் விலக்கை நீக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் விலக்கின் காரணத்தை மரத்திலோ நரம்பிலோ வைக்காமல் மனிதர் கூடும் கூட்டத்திலும் அவர்களின் நோக்கத்திலும் அவர் வைத்தது, தத்துவ நோக்கில் மிகப் பெரிய அடி. எது கூடும், எது கூடாது என்னும் சட்டத் தீர்ப்பு அதற்குரிய அறிஞர்களின் பொறுப்பு. அத்தீர்ப்பு எதுவாயினும் கருவி தன்னளவில் குற்றமற்றது என்னும் முன்முடிவில் சித்தாந்தியும் கஸ்ஸாலியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

அரபு மரபுக்கும் மாண்டலினுக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அன்று, குருதி உறவு. அரபியில் ‘மரம்’ என்று பொருள்படும் ‘அல்-ஊத்’ என்னும் கருவியைப் பற்றி அல்-கிந்தியும் அல்-ஃபாராபியும் கணித நுட்பத்தோடு எழுதினர். அது ஐரோப்பாவுக்குப் போய் ‘லூட்’ ஆயிற்று. அந்தக் குடும்பத்தின் சிறு உருவங்கள் இத்தாலியில் வளர்ந்து, வாதுமைப் பருப்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடைய பெயரைப் பெற்று, பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நகரில் வினாச்சியா குடும்பத்தாரின் பட்டறைகள் வழியாக இன்று அறியப்படும் மாண்டலினாக உருப்பெற்றன. வயலினைப்போலவே நான்கு சுருதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள், ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் அதிரும் நீளம், அசையாத உலோக மெட்டுகள், ‘பிக்’ எனப்படும் சிறு தகட்டால் மீட்டும் முறை ஆகியவை அதன் இலக்கணம். பாக்தாதில் தொடங்கி நேப்பிள்ஸ் வழியாகக் கோதாவரிக் கரைக்கு வந்து சேர்ந்த ஒரு கருவியை ‘அந்நியம்’ என்று எந்த இடத்திலிருந்து சொல்வது என்பது எளிதில் விடை காண முடியாத கேள்வி.

கருநாடக இசையில் மேல்நாட்டுக் கருவி நுழைவது மாண்டலினோடு தொடங்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலினைக் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆர்மோனியத்துக்கு நேர்ந்தது வேறு: கமகம் வாசிக்க இயலாது, சுருதி இடங்கள் இந்திய இசைக்கு ஒவ்வா என்னும் காரணங்களால் 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது, அத்தடை 1971இல் தளர்த்தப்படும்வரை நீடித்தது. அந்தத் தடையில் மேல்நாட்டு வெறுப்பும் கலந்திருந்தது உண்மை. ஆனால் சுருதி பற்றிய வாதம் மட்டும் நேர்மையானது, ஆகவே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்பதிலைச் சொன்னவர் உ. ஸ்ரீநிவாஸ்.

1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திரத்தின் கோதாவரி வட்டாரத்துப் பாலகொல்லுவில் பிறந்த ஸ்ரீநிவாஸ், தந்தை சத்தியநாராயணா வைத்திருந்த மாண்டலினைச் சிறு வயதிலேயே எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவருக்குக் கருநாடக இசையைக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் வழியில் வந்தவர், வாய்ப்பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், சிறுவன் அதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடிப்பான். இந்தக் கற்பித்தல் முறை ஒரு குறைபாட்டால் நேர்ந்தது என்று தோன்றலாம். உண்மையில் ஐதரேய ஆரண்யகம் சொன்னதன் நேரடிச் செயல்வடிவம் அதுவே. விரலுக்குரிய வழிகளைக் காட்ட ஒருவரும் இல்லாததால் அந்தக் கருவிக்கு என்று முன்பிருந்த பழக்கங்கள் எவையும் அந்தச் சிறுவனிடம் படியவில்லை. சாரீர வீணையிலிருந்து தாரவி வீணைக்கு இசை நேரே இறங்கிற்று. 1978இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் அவர் வாசித்தார். 1981இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் மேடையில் வாசித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு.

அவர் செய்த மாற்றத்தின் காரணத்தை விளங்கிக்கொண்டால் கருவி பற்றிய தத்துவமும் விளங்கும். கமகம் என்பது ஒரு சுரத்தைத் தனித்து நிறுத்தாமல் அடுத்த சுரங்களை நோக்கி அசைத்தும் வழுக்கியும் ஒலிப்பிக்கும் முறை. அதற்குத் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இரட்டைக் கம்பிகளை இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாமல் ஒன்றோடொன்று பிணங்கும். மேலும் மீட்டிய ஒலி அக்கருவியில் விரைவில் தேய்ந்துவிடுவதால், நீண்ட இழுப்பு முடியுமுன்னே நாதம் அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் இரட்டையை ஒற்றையாக்கி, ஐந்து தந்திகள் கொண்ட மின்மாண்டலினுக்கு மாறினார். ஒற்றைத் தந்தி இழுப்புக்கு இணங்கியது, மின்பெருக்கி நாதத்தை நீட்டித்தது. 1998இல் பத்மஸ்ரீயும் 2009இல் சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்ற அவர், 2014 செப்டம்பர் 19 அன்று நாற்பத்தைந்தாம் வயதில் சென்னையில் மறைந்தபோது, மாண்டலினில் கருநாடக இசை கூடுமா என்று கேட்பார் இல்லாமற்போயிருந்தனர்.

ஆயினும் ஆர்மோனியத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு மாண்டலினுக்கும் ஓரளவு பொருந்தும் என்பதை மறைக்கக் கூடாது. வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்படுவதால் காதுக்கு ஏற்ப அவற்றை நகர்த்தி அமைக்கலாம். மாண்டலினின் மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தவை. அரைச்சுரம் ஒன்றை நூறாகப் பகுத்து ஒவ்வொரு பங்கையும் ஒரு சென்ட் என்று கொண்டால், தம்புராவின் பின்னணியில் இயல்பாக ஒலிக்கும் பஞ்சமம் 702 சென்ட், மெட்டு தருவது 700. இவ்வேறுபாடு காதுக்குப் பெரிதன்று. ஆனால் இயல்பான அந்தர காந்தாரம் 386 சென்ட், மெட்டு தருவதோ 400. பதினான்கு சென்ட் கூடுதல் என்பது தம்புராவுக்கு முன்னால் நன்றாகவே உறுத்தும். தந்தியை இழுத்தால் சுருதி ஏறுமே தவிர இறங்காது என்பதால், அந்த இடத்தைச் சரியாகத் தொட விரும்புகிறவர் காந்தாரத்தின் மெட்டில் விரலை வைத்து ஓய்ந்துவிடாமல், அதற்கு முந்திய மெட்டில் அழுத்தி மேல்நோக்கி இழுத்து அங்கே சென்று சேர வேண்டும். கருவி கொடுப்பது தோராயம். மீதியைக் கொடுப்பது கேட்கத் தெரிந்த காதும் உழைத்த விரலும். சித்தாந்த மொழியில் சொன்னால், கரணம் விளக்காக நின்று உதவுகிறது, காண வேண்டியது உயிர்.

கருவியின் இந்த எல்லையைத் தமிழ்ச் சமய மரபு ஏற்கெனவே அறிந்திருந்தது. திருத்தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் இசைக்க முடியாமற்போன யாழ்ப்பாணர், யாழை உடைக்கக் கை ஓங்கியதாகவும், சம்பந்தர் தடுத்து அதைக் கையில் வாங்கி, இறைவன் புகழ் இக்கருவியில் முழுதும் அடங்குமோ என்னும் கருத்தில் அவரைத் தேற்றியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகம் யாழ்மூரி என்று வழங்கப்படுகிறது. குறையுள்ளது என்பதற்காகக் கருவியை உடைக்க வேண்டியதில்லை, குறை உண்டு என்பதை மறக்கவும் கூடாது. பொற்பலகை கிடைத்த யாழுக்கே இந்த எல்லை உண்டென்றால், பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய மாண்டலின் அதைத் தாண்டிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயம் இல்லை.

இந்த இடத்தில் விலையைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்கிறது. வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ நாட்கூலி பெறும் குடும்பத்தின் பிள்ளைக்கு, தேர்ந்த கைவினைஞர் கட்டைமரத்தில் குடைந்து செய்த மாண்டலின் எட்டாத பொருள். அது எட்டாததால் இசையும் எட்டாது என்பது பொய். ஒட்டுப்பலகையில் செய்த தட்டையான முதுகுடைய எளிய மாண்டலின் நாதத்தில் மெலிந்தது என்பது உண்மை. ஆனால் கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர் வட்டாரத்து வறண்ட வெப்பத்தில் விலையுயர்ந்த ஒற்றைப்பலகை முகப்பு வெடிக்கும் இடர் கூடுதல், ஒட்டுப்பலகை அதைத் தாங்கும். பொறுக்கத்தக்க குறை எது, பொறுக்கக் கூடாத குறை எது என்று பிரித்தறிவதே இங்குத் தேவையான விவேகம். மெலிந்த நாதத்தைப் பொறுக்கலாம், மங்கிய மெருகைப் பொறுக்கலாம், கீறலைப் பொறுக்கலாம். தவறான சுருதியை மட்டும் பொறுக்கக் கூடாது. ஏனெனில் மெலிந்த நாதம் காதைக் கெடுக்காது, தவறான சுருதி நாள்தோறும் கேட்கப்பட்டுக் கற்பவரின் உள்ளத்தில் சரியென்றே படிந்துவிடும். பொய்யைப் பலமுறை கேட்டவர் அதை மெய்யென்று நம்பத் தொடங்குவது போன்றதே இதுவும்.

அதைச் சோதிக்கும் வழி செலவற்றது. கம்பியின் அதிரும் நீளத்தில் சரிபாதி பன்னிரண்டாம் மெட்டில் விழ வேண்டும். அம்மெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரல்நுனியால் லேசாகத் தொட்டு மீட்டி உடனே விரலை எடுத்தால் மணியொலி போன்ற மேல் ஸட்ஜம் பிறக்கும். இது கம்பி தானே சொல்லும் உண்மை. பிறகு அதே மெட்டில் நன்றாக அழுத்தி மீட்டினால் அதே சுருதி வர வேண்டும்; இது கருவி சொல்லும் சாட்சியம். இரண்டும் ஒத்தால் கருவி நம்பத்தக்கது. அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் குதிரையை, அதாவது கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டை, தண்டியிலிருந்து சற்று விலக்கியும், குறைந்திருந்தால் தண்டியை நோக்கிச் சற்று நெருக்கியும் வைக்க வேண்டும். பல மாண்டலின்களில் குதிரை ஒட்டப்படாமல் கம்பிகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பதால், கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு அதைக் கையாலேயே நகர்த்த முடியும். மலிவான மாண்டலின்களில் அபசுரமாகத் தோன்றுவதில் பெரும்பகுதி குதிரை இடம் மாறி நிற்பதால் வருவதே. தண்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு உண்டா என்று பார்ப்பதும், கம்பி மெட்டுக்கு மேலே மிக உயர்ந்து நின்று விரலை வருத்துகிறதா என்று அறிவதும், எட்டு முறுக்காணிகளும் நழுவாமல் பிடிக்கின்றனவா என்று திருகிப் பார்ப்பதும், முகப்பு குழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அடுத்தபடியானவை. வளைந்த தண்டியும் குழிந்த முகப்பும் எளிதில் திருந்தா. மற்றவை பெரும்பாலும் திருந்தும்.

கற்கும் முறையிலும் இதே ஒழுங்கு வேண்டும். சரளி வரிசையை முதலில் வாயால் பாடி, ஒவ்வொரு சுரமும் தம்புராவோடோ சுருதிப்பெட்டியோடோ இழைவதைக் கேட்ட பின்னரே கம்பியில் தேட வேண்டும். பாட முடியாததை விரல் வாசித்தால் அது மெட்டுகளின் எண்ணிக்கையே தவிர இசை ஆகாது. ஆசிரியர் மாண்டலின் கலைஞராக இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை, சுருதி சுத்தமாகப் பாடுகிறவராக இருந்தால் போதும். சுப்பராஜு அப்படிப்பட்டவராகவே இருந்தார். பிள்ளை இந்துவாயினும் முஸ்லிமாயினும் கிறித்தவராயினும், தந்தை தோல் பதனிடுகிறவராயினும், இதற்கு வேண்டிய மூலக்கருவி ஏற்கெனவே அவரவர் தொண்டையில் இருக்கிறது.

ஆகவே மாண்டலின் வாங்கச் செல்கிறவர் கடையில் விலையைக் கேட்பதற்கு முன் பன்னிரண்டாம் மெட்டைக் கேட்க வேண்டும். குதிரையை நகர்த்திய பின்னும் அங்கே மேல் ஸட்ஜம் ஒத்து ஒலிக்காத கருவியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமல் திரும்பிவிட வேண்டும். ஒத்து ஒலித்தால், அதன் பலகை எதுவாயினும், அதைத் தயக்கமின்றி எடுத்துவந்து அன்றே ஸட்ஜத்தில் தொடங்கலாம்.